கணிப்பொறியின் பேரேடு

பண்டசாலை ஒன்றில் ஆயிரம் பொருள்கள் இருக்கலாம். அவை எங்கிருந்து வந்தன, எந்த அறையில் உள்ளன, எவருக்கு உரியன என்பவற்றைக் கூறும் பேரேடு இல்லாவிடின், பொருள் நிறைந்திருந்தும் பண்டசாலையால் பயன் இல்லை. கணிப்பொறியும் அத்தகையதே. அதனுள் நிறுவப்பெறும் மென்பொருள்கள் பல. அவற்றை ஒழுங்குபடுத்தும் பேரேட்டைப் பற்றி இங்கே அறிவோம்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதன் நெறியைத் தழுவி, 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைப் படைத்தார். இம்முறைமைகளில் ஒரு மென்பொருளின் பகுதிகள் யாவும் ஓரிடத்தில் இருப்பதில்லை. இயங்கும் நிரல் ஓர் அடைவிலும், அதற்குத் துணையாகும் நிரல் நூலகம் மற்றோர் அடைவிலும், அமைப்புக் கோப்பு வேறோர் அடைவிலும் வைக்கப்பெறும். ஒரே நூலகத்தைப் பல நிரல்கள் பகிர்ந்து கொள்ளும். இதனால் இடம் மிச்சமாகிறது. நூலகத்திலுள்ள பிழையை ஒருமுறை திருத்தினால் அனைத்து நிரல்களும் பயன் பெறுகின்றன.

ஆயினும், இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. முற்காலத்தில் மூல நிரலைப் பெற்று, அவரவரே தொகுத்து நிறுவி வந்தனர். எந்தக் கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்பதற்குக் குறிப்பு இல்லை. வேண்டாத ஒன்றை நீக்கப் புகுந்தவர், வேண்டிய நிரலுக்கு இன்றியமையாத நூலகத்தையும் அழித்துவிட்டு வருந்த நேரிடும்.

இவ்விடரை நீக்க முயன்றோருள் இயான் முர்டாக் ஒருவர். அவர் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் டெபியன் என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்னாளில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் அமைத்த பெயரே டெபியன் என்பது. அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பெறுகிறது. பொதிக்குள் கோப்புகளுடன் ஒரு குறிப்புச் சீட்டும் இருக்கும். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், பேணுவோர் பெயர், அது சார்ந்து நிற்கும் பிற பொதிகள் ஆகியவை அச்சீட்டில் காணப்படும். டி.பி.கே.ஜி. என்னும் கருவி பொதியை அவிழ்த்துக் கோப்புகளை உரிய இடங்களில் வைத்து, அவற்றைப் பேரேட்டில் பதிகிறது. 1999இல் வெளிவந்த டெபியனின் 2.1ஆம் பதிப்பில் ஏ.பி.டி. என்னும் மற்றொரு கருவியும் சேர்ந்தது.

ஓவியம் தீட்டும் மென்பொருள் ஒன்றை நாம் நிறுவ விரும்புவதாகக் கொள்வோம். ஒரு கட்டளை இட்டால் போதும், ஏ.பி.டி. அதன் சீட்டைப் படித்து, அது சார்ந்துள்ள நூலகங்களையும் களஞ்சியத்திலிருந்து வருவிக்கும். நாம் கேட்டது எது, துணையாக வந்தது எது என்றும் குறித்துக் கொள்ளும். பின்னர் அம்மென்பொருளை நீக்கினால், இனி எவருக்கும் வேண்டாத துணைப் பொதிகளைச் சுட்டிக் காட்டும். பிறிதொரு நிரலுக்கு வேண்டியதை விட்டு வைக்கும். மேலும், களஞ்சியத்தின் பட்டியலுக்கு மின் முத்திரை உண்டு. பொதியை இடைவழியில் எவரேனும் மாற்றியிருப்பின், அது பட்டியலோடு ஒவ்வாது. கருவியும் அதனை ஏற்காது.

இத்துணைக் காவல் இருந்தும் 2024ஆம் ஆண்டில் ஒரு பேரிடர் நெருங்கியது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். அதனைப் பேணும் பணியில் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதனுள் கள்ள வழி ஒன்றை மறைத்து வைத்தார். முத்திரை பொய்க்கவில்லை, முத்திரையிட்ட பொருளிலேயே நஞ்சு கலந்திருந்தது. தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய உதவும் நிரல், டெபியனில் வேறொரு நூலகத்தின் வழியாக எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. ஆகவே, சிறு துணையில் கலந்த நஞ்சு தலைவாயிலையே எட்டியது.

ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் சோதனைக் கணிப்பொறியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டார். அற்பமென விடாமல் காரணத்தைத் தேடிக் கள்ள வழியைக் கண்டுபிடித்தார். மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் அதனை உலகறியச் செய்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளில் மட்டுமே நஞ்சு புகுந்திருந்தது. நிலையான பதிப்பை அது அடையவில்லை. தம் கணிப்பொறியில் உள்ளது தீய பதிப்புத்தானா என்று பேரேட்டைக் கேட்டவருக்கு உடனே விடை கிடைத்தது. பழைய நல்ல நிரலைக் கொண்ட பொதியை டெபியன் விரைந்து வெளியிட, ஒரு கட்டளையால் தீயது அகன்றது.

மாணவர்களே! தீங்கைக் கண்டுபிடித்தது பேரேடு அன்று. விழிப்புடைய மனிதரின் கண்ணே. ஆனால், கண்ட தீங்கு எங்கெங்கு உள்ளது என்று அறிந்து களைவதற்குப் பேரேடே துணை நின்றது. ஒழுங்கும் விழிப்பும் ஒருங்கே அமையும்போதுதான் நம் உடைமை நம் ஆட்சியில் நிற்கும்.