பகடியும் மூலமும்: ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரும் அதன் திரைப்பட எண்ணமும்

முன்னுரை

ஒரு படைப்பின் நடையையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டு, அதனையே நகைப்பிற்கு இடமாக்கி மற்றொரு படைப்பு எழுதல் பழைய வழக்காகும். கிரேக்க நாட்டில் அரிசுட்டோபனீசு தம் காலத்து அவல நாடக ஆசிரியராகிய யூரிப்பிடீசின் நடையை மேடையிலேயே எள்ளி நகையாடினார். இசுப்பானிய நாட்டில் செர்வாண்டீசு 1605-இல் வெளியிட்ட ‘டான் குவிக்சோட்டு’ வீரக்கதைகளை நையாண்டி செய்ய எழுந்தது. அவ்வீரக்கதைகளை இன்று படிப்போர் மிகச் சிலர். அவற்றை எள்ளிய நூலையோ உலகம் முழுதும் படிக்கின்றது. மூலம் மறைந்த பின்னும் பகடி வாழ்தல் எவ்வாறு இயலும் என்னும் வினா இதனால் எழுகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்று, 1989-ஆம் ஆண்டு திசம்பர் 17 முதல் அமெரிக்க நாட்டு ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி வரும் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் அசைவூட்ட நகைச்சுவைத் தொடராகும். புகழ்பெற்ற திரைப்படங்களைப் பகடி செய்வது இதன் வழக்கம். பிறர் திரைப்படங்களை எள்ளி வந்த இத்தொடர் தானே ஒரு திரைப்படமாதல் வேண்டும் என்று எண்ணிய வரலாறும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

தொலைக்காட்சிக் கேலிப்படம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமோ என ஐயுறுவார் உளர். நகையின் நிலைக்களன்களுள் எள்ளலை வைத்து எண்ணியும், அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுத்தும் இலக்கணம் செய்தவர் தொல்காப்பியர். அவர் நூலைப் பயில்வோர்க்கு எள்ளலின் இயல்பை அஃது எங்குத் தோன்றினும் ஆராய்தல் கடனாகும்.

தொடரின் தோற்றம்

மேட் குரோனிங் என்னும் கேலிச்சித்திர ஓவியர் படைத்த சிம்ப்சன் குடும்பம், 1987-இல் ‘தி டிரேசி உல்மன் ஷோ’ என்னும் நிகழ்ச்சியின் இடையிடையே வரும் சிறு படங்களாக முதலில் தோன்றியது. பின்னர் ஜேம்சு எல். புரூக்சு, சாம் சைமன் ஆகியோர் துணையுடன் அரைமணி நேரத் தொடராக வளர்ந்தது. விளம்பரங்கள் நீங்கலாக ஒரு பகுதியின் அளவு ஏறத்தாழ 22 நிமிடம். இவ்வளவு பின்னர்க் கூறப்படும் செய்திக்கு இன்றியமையாதது ஆதலின் நினைவிற் கொள்ளத்தக்கது.

தந்தை ஓமர், தாய் மார்ச், மக்களாகிய பார்ட், லிசா, மேகி ஆகிய ஐவரும் இசுப்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை ஊரில் வாழ்கின்றனர். ஆண்டுகள் பல கடந்தும் இவர்க்கு அகவை ஏறுவதில்லை. மாறாத இம்மாந்தர் எந்தத் திரைப்படத்தின் கதையினுள்ளும் புகுந்து வெளிவர வல்லவராயினர். கதைமாந்தர் நிலையாக நிற்க, கதைகள் அவர்மேல் ஆடைபோல் மாறி மாறி அமைகின்றன.

மூலத்தின் காரணத்தை மாற்றுதல்

பகடி என்பது மூலத்தின் புறத்தோற்றத்தைப் போலச் செய்தல் மட்டுமே எனக் கருதுதல் பொருந்தாது. 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 21-இல் ஒளிபரப்பான ‘ரோசுபட்’ என்னும் பகுதி இதனை நன்கு காட்டும். இதன் மூலம் ஆர்சன் வெல்சு இயக்கி 1941-இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ ஆகும். அத்திரைப்படத்தில் பெருஞ்செல்வனாகிய கேன் ஒரு சொல்லைக் கூறி இறக்கின்றான். அச்சொல் அவன் இளமையில் விளையாடிய பனிச்சறுக்கு வண்டியின் பெயர் என்பது இறுதியில் காண்போர்க்கு மட்டும் புலனாகின்றது. கதைமாந்தர் எவரும் அதனை அறியார். வண்டி தீயில் எரிந்தொழிகின்றது.

சிம்ப்சன்ஸ் பகுதியில் கேனின் இடத்தை அணுமின் நிலைய உரிமையாளராகிய பர்ன்சு பெறுகின்றார். அவர் இழந்த பொருள் ‘போபோ’ என்னும் கரடிப் பொம்மை. ஈண்டு நோக்கத்தக்க மாற்றங்கள் இரண்டு. மூலத்தில் சிறுவன் கேன் தன் விருப்பத்திற்கு மாறாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகின்றான். பகடியில் சிறுவன் பர்ன்சு, அன்பில்லாத செல்வன் ஒருவனுடன் மகிழ்ச்சியோடு செல்கின்றான். கரடிப் பொம்மையைப் பனியில் எறிந்துவிடுபவனும் அவனே. செல்வம் ஒருவனது இளமையைப் பறித்தது என்று மூலம் இரங்க, தானே விரும்பிக் கொடுத்தான் என்று பகடி உரைக்கின்றது. இது முதல் மாற்றம்.

இழந்த பொருள் திரும்பக் கிடைத்தல் இரண்டாவது மாற்றம். பல கைகள் மாறிப் பனிக்கட்டியுள் உறைந்து இசுப்பிரிங்ஃபீல்டை அடையும் பொம்மை, குழந்தை மேகியின் கைக்குச் செல்கின்றது. பணத்தாலும் வன்மையாலும் அதனைப் பெற முயன்று தோற்ற பர்ன்சுக்கு, அவர் துயரத்தைக் கண்ட குழந்தை தானே அதனைக் கொடுத்துவிடுகின்றது. மூலத்தின் அவலம் பகடியில் ஈகையாக மாறுகின்றது. இம்மாற்றத்தை உணர்தற்கு மூலத்தை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதாரும் குழந்தையின் செயலில் உள்ளம் நெகிழ்வர். எனவே, சிறந்த பகடி இரண்டு அடுக்குடையது எனலாம். மேலடுக்கு மூலத்தை அறிந்தார்க்கு உரியது. கீழடுக்கு யாவர்க்கும் பொது. கீழடுக்கு வலிமையுடையதாயின், மூலம் மறந்துபோயினும் பகடி வாழும். ‘டான் குவிக்சோட்டு’ வாழ்வதும் இவ்வாறே.

அடையாளங்காட்டும் கருவிகள்

இன்ன மூலம் எனக் காண்போர்க்கு விரைந்து உணர்த்துதல் பகடிக்கு இன்றியமையாதது. எழுத்திலக்கியத்தில் சொல்லும் யாப்பும் இதனைச் செய்யும். திரையில் ஒளிப்பதிவுக் கோணமும் இசையும் செய்கின்றன. 1993 அக்டோபர் 7-இல் வந்த ‘கேப் ஃபியர்’ பகடியில் இதற்குத் தக்க சான்று உளது. மூலப்படம் 1962-இல் வெளிவந்து, மார்ட்டின் இசுக்கார்செசியால் 1991-இல் மீண்டும் எடுக்கப்பட்டது. முதற்படத்திற்குப் பெர்னார்டு எர்மன் அமைத்த அச்சந்தரும் இசையே இரண்டாவது படத்திலும் பயன்பட்டது. தொடரும் அவ்விசையைத் தழுவிக்கொண்டது. இசை எழுந்த அளவிலேயே வரவிருக்கும் கொடியவன் எத்தகையன் என்பதை அறிந்தார் உணர்வர். அக்கொடியவன் காரின் அடியிற் பற்றிக்கொண்டு வருவதும் மூலத்தைத் தழுவியதே.

எனினும் இப்பகுதியில் பலரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி மூலத்தில் இல்லாத ஒன்று. பழிவாங்க வந்த பாப், தரையில் கிடக்கும் தோட்டவாரிகளை மீண்டும் மீண்டும் மிதித்து, அவற்றின் காம்பால் முகத்தில் அடிபடுகின்றான். கதை உரிய நேரத்தை நிரப்பாமையால் இச்செயலைப் பன்முறை அடுக்கி நீட்டினர். ஒருமுறை நகை தந்தது சிலமுறைக்குப் பின் சலிப்புத் தந்து, மேலும் தொடர்ந்தபோது முன்னினும் மிக்க நகை தந்தது. மூலத்தின் கொடியவன் தடுத்தற்கரிய பேராற்றலன். இவனோ தோட்டவாரிக்குத் தோற்றவன். குறையை நிரப்பச் செய்த உத்தி பகடியின் கருத்தையே விளக்கி நின்றது.

திரைப்பட எண்ணம்

இனி, தொடர் திரைப்படமாக முயன்ற வரலாற்றைக் காண்போம். 1992 செப்டம்பரில் ஒளிபரப்பான ‘காம்ப் கிரசுட்டி’ என்னும் பகுதியைத் தொலைக்காட்சிக்கு விடாமல் திரைப்படமாக்கலாம் என்று புரூக்சு கருதினார். அதற்குத் தடைகள் இருந்தன. தொடரின் அவ்வாண்டுத் தொடக்கப் பகுதி அதுவே ஆதலின், அதனை எடுத்துவிடின் தொடக்கம் இல்லாமற்போம். மேலும், அக்கதை 22 நிமிடத்திற்கே போதாமையால் பாடலை நீட்டி நிரப்ப வேண்டியதாயிற்று. அரைமணியை நிரப்பாத கதை ஒன்றரை மணியை எங்ஙனம் நிரப்பும்?

அவ்வாண்டே நவம்பர் 3-இல் வந்த ‘இட்சி அண்டு இசுகிராட்சி: தி மூவி’ என்னும் பகுதி இவ்வெண்ணத்தையே கதைப்பொருளாக்கியது எனலாம். சிம்ப்சன் குழந்தைகள் விரும்பிக் காணும் பூனை எலிக் கேலிப்படம் ஒன்று, ‘டாம் அண்டு ஜெர்ரி’யின் பகடியாகத் தொடரினுள் அமைந்துள்ளது. அதுவே திரைப்படமாக வெளிவர, ஊரார் அனைவரும் காண்கின்றனர். குறும்பு செய்த பார்ட் மட்டும் அதனைக் காணலாகாது எனத் தந்தையால் ஒறுக்கப்படுகின்றான். நாற்பது ஆண்டுகள் கழிந்து, நாட்டின் தலைமை நீதிபதியாக உயர்ந்த பார்ட் முதிய தந்தையுடன் சென்று அப்படத்தைக் காண்பதோடு கதை முடிகின்றது.

உண்மைத் திரைப்படம் வெளிவர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. டேவிட் சில்வர்மன் இயக்கிய ‘தி சிம்ப்சன்ஸ் மூவி’ 2007 சூலை 27-இல் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. அதன் தொடக்கம் ஆராயத்தக்கது. சிம்ப்சன் குடும்பம் திரையரங்கில் அமர்ந்து இட்சி, இசுகிராட்சி படத்தைக் காண்கின்றது. வீட்டில் விலையின்றிக் காணத்தக்கதற்குப் பணங்கொடுத்து வந்தோமே என்று ஓமர் எழுந்து குறைகூறி, திரைக்கு வெளியே இருக்கும் நம்மையும் சுட்டிக்காட்டுகின்றான். பிறர் எழுப்பவிருந்த தடையைப் படைப்போரே முன்னர் எழுப்பி நகையால் விடுத்தனர்.

ஏறத்தாழ 87 நிமிடம் ஓடும் இப்படத்தில் திரைப்படப் பகடிகள் இல்லாமல் இல்லை. மாசடைந்த ஏரியில் மேடை மூழ்க, இசைக்குழுவினர் வயலின் எடுத்து வாசிக்கும் காட்சி ‘டைட்டானிக்’கை நினைவூட்டும். ஆயின் இவை சிறு அணிகளாகவே நிற்கின்றன. படத்தைத் தாங்குவது ஓமரின் பிழையால் ஏரி நஞ்சாகி, ஊர் கண்ணாடிக் கவிகையால் மூடப்பட்டு, குடும்பம் பிரிந்து கூடும் கதையாகும். ‘ரோசுபட்’ போல ஒரு மூலத்தை முழுதும் பற்றி நடத்தல் 22 நிமிடத்திற்குப் பொருந்தியது. முழுநீளப் படத்தில் படைப்போர் தம் சொந்தக் கதையையே நாடினர். சுருக்கமும் விரைவும் பகடியின் உயிர் என்பது இதனால் போதரும்.

இதற்கு மாறான சான்றும் உளது. சேத் மேக்ஃபார்லேன் படைத்த ‘ஃபேமிலி கை’ தொடர், 2007 செப்டம்பர் 23-இல் ‘புளூ ஆர்வெசுட்’ என்னும் பெயரில் 1977-ஆம் ஆண்டு ‘சுடார் வார்சு’ படத்தைக் காட்சிக்குக் காட்சி தழுவி ஒரு மணிநேரப் பகடி செய்தது. இஃது உரிமையாளரின் இசைவு பெற்றுச் செய்யப்பட்டது. அத்தொடரையும் திரைப்படமாக்கும் எண்ணம் பலமுறை பேசப்பட்டது. எனினும் 2025 முடிய அது திரையரங்கிற்கு வரவில்லை. பிறர் கதையை நெடிது தாங்க வல்ல தொடர், தன் கதையை அவ்வளவு நெடிதாகச் சொல்லும் வாய்ப்பை இன்னும் பெறவில்லை.

வரம்பு

பகடிக்கு வரம்பு யாது? 1994-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் கேம்ப்பெல் வழக்கில் இதற்கு விடை கூறியது. வணிக நோக்குடையது என்னும் ஒரு காரணம் பற்றியே பகடியை விலக்குதல் ஆகாது என்றும், பகடி தான் எடுத்துக்கொண்ட மூலத்தைப் பற்றி ஏதேனும் உரைத்தல் வேண்டும் என்றும் அது கருதியது. மூலத்தை நோக்கிய எள்ளல் ஒன்று; மூலத்தின் வடிவத்தை இரவல் பெற்று வேறொன்றை எள்ளுதல் மற்றொன்று. முன்னதற்கு மூலத்தை எடுத்தாளத் தேவை உண்டு. பின்னது தானே நிற்கவல்லது.

அறத்தின் வரம்பு இதனின் வேறாம். 1992 அக்டோபர் 1-இல் வந்த ‘எ சிட்ரீட்கார் நேம்டு மார்ச்’ என்னும் பகுதி, டென்னசி வில்லியம்சின் நாடகத்தை இசை நாடகமாக்கி எள்ளியது. அதன் தொடக்கப் பாடல் நியூ ஆர்லியன்சு நகரையே பழித்தது எனக் கண்டனம் எழுந்தது. அடுத்த வாரப் பகுதியின் தொடக்கத்தில், நகரை இழிவுபடுத்தேன் என்னும் கருத்துப்பட பார்ட் கரும்பலகையில் எழுதுவதாகக் காட்டினர். நாடகத்தை எள்ளியதற்கு எழாத சினம் ஊரைப் பழித்ததற்கு எழுந்தது. படைப்பை எள்ளுதலும் மக்களைப் பழித்தலும் ஒன்றன்று என்பதைக் காண்போரே பிரித்துணர்ந்தனர்.

முடிவுரை

சிறந்த பகடி மூலத்தின் உட்கருத்தை மாற்றிப் புதுக்கருத்துக் காட்டும். மூலத்தை அறியாதார்க்கும் தன்னளவில் நகையும் உணர்வும் தரும். தன் அளவறிந்து சுருங்கி நிற்கும். இம்மூன்றும் மேற்காட்டிய சான்றுகளால் தெளியப்படும். இரண்டாவது சிம்ப்சன்ஸ் திரைப்படம் 2027-இல் வெளிவரும் என 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அஃது எவ்வழி நடக்கும் என்பதை ஆய்வாளர் நோக்கியிருத்தல் தகும்.

ஆசிரியர்க்கு உரிய கடன் ஒன்றும் இவண் உளது. ‘சிட்டிசன் கேன்’ படத்தைக் காணாமல் ‘ரோசுபட்’ பகுதியை மட்டும் கண்டு வளரும் தலைமுறை எந்நாட்டிலும் உண்டு. அவர்க்குப் பகடியே மூலமாகத் தோன்றும். அதன் மேலடுக்கு வீணாகும். பழம்பாட்டிற்கு உரையாசிரியர் துறையும் சூழலும் கூறி விளக்குதல் போல, பகடிக்கும் அதன் மூலத்தை உடன்வைத்து விளக்குவார் வேண்டும். பகடியைப் பாடமாக வைப்போர் அதன் மூலத்தையும் முன்னரே பயிற்றுவித்தல் நன்று. அங்ஙனம் செய்யின் மாணவர் நகைப்பதோடு அமையாது, மாற்றம் எங்கு நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது என வினவவும் கற்பர்.