இரண்டரை அடி ரயிலின் கணக்கு

வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் என்ற சிறு நகரத்திலிருந்து எட்டரை மைல் தூரத்துக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. 1903-இல் தொடங்கிய பாதை. 1956-இல் மூடிவிட்டார்கள். ரயில் பைத்தியம் பிடித்த தொண்டர்கள் சிலர் கூடி 1963-இல் அதை மறுபடி ஓட வைத்தார்கள். கோடை முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் அங்கே நீராவி விழா நடக்கும். 1902-இல் செய்த இரண்டு எஞ்சின்கள்தான் விழா நாயகர்கள். ஒன்றின் பெயர் ‘தி ஏர்ல்’, மற்றது ‘தி கவுன்டஸ்’: பிரபுவும் பிரபுவின் மனைவியும்.

கூட்டம் வருவது காலை பத்து மணிக்கு என்றால், ஷெட்டில் வேலை விடியலுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஆறிக் கிடக்கும் பாய்லரை அவசரமாகச் சூடாக்கக் கூடாது. நெருப்பை ஒட்டிய உலோகம் விரிந்து, தள்ளியிருக்கும் உலோகம் விரியாமல் நின்றால் குழாய் மூட்டுகள் கசியத் தொடங்கும். முதலில் விறகு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரி. அழுத்தமானி முள் அசைவதற்கே மணிக்கணக்காகும். சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்து வைப்பதுதான் பாய்லரின் வேலை.

விழாவுக்கு வரும் குழந்தைகள் வாயால் பாவனை செய்யும் ‘சுக் சுக்’ ஓசைக்கும் காரணம் உண்டு. சிலிண்டரில் வேலை முடித்த ஆவியைப் புகைபோக்கி வழியாகவே மேலே பீய்ச்சி விடுகிறார்கள். அது போகிற வேகத்தில் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. புகை போன இடத்துக்கு அடியிலிருந்து புதுக் காற்று நெருப்புக்குள் பாய்கிறது. ஆகவே எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் தானாகவே கனன்று எரியும். கட்டுப்படுத்த ஒரு கருவியும் தேவைப்படாத இந்த ஏற்பாட்டை என்னால் வியக்காமல் இருக்க முடிவதில்லை. எரித்த கரியின் ஆற்றலில் இழுவைக்கு வந்து சேருவது நூற்றுக்குப் பத்துகூட இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு ‘சுக்’. வெல்ஷ்பூல் எஞ்சினின் சக்கரம் 84 செ.மீ. விட்டம்தான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு எட்டு முறை மூச்சுவிடும். ஒரு காலத்தில் நம் அகலப் பாதை எக்ஸ்பிரஸ்களை இழுத்த டபிள்யூ.பி. எஞ்சினின் சக்கரம் இதைப் போல இரு மடங்கு பெரிது. அதே வேகத்தில் அதற்கு நான்கு மூச்சு போதும். குட்டி ரயில் எப்போதும் அவசரத்தில் இருப்பதுபோல் நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

தருமபுரிக்காரர் ஒருவர் அங்கே போனால் எஞ்சினை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடத் தொடங்கிய ரயிலின் அளவும் இதேதான்.

சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன அகலப் பாதை (1676 மி.மீ.) 1860-களின் தொடக்கத்திலேயே மொரப்பூர் வழியாகச் சென்றுவிட்டது. தருமபுரி அதிலிருந்து விலகி, மேட்டில் இருந்தது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. தானியம் ஓரிடத்தில் கிடக்க, பட்டினி வேறிடத்தில் கிடந்தது. 1880-இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், வறண்ட பகுதிகளுக்கு ரயில் போட வேண்டும் என்றது. லாபம் தராது என்று முன்கூட்டியே தெரிந்த பாதைகள் இவை. அதனால் செலவைக் குறைத்தே ஆக வேண்டும். 1905-இல் திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி, 1906-இல் மொரப்பூர் – தருமபுரி, 1913-இல் ஓசூர் வரை நீட்டிப்பு என்று எல்லாமே இரண்டரை அடியில் வந்தன.

அகலம் குறைந்தால் செலவு ஏன் குறைகிறது? சின்னக் கட்டை, சின்னத் தண்டவாளம் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி வளைவில் இருக்கிறது.

ரயில் தொண்ணூறு டிகிரி திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளமாக இருக்கும். எவ்வளவு என்று கணக்கிட்டால் அகலப் பாதையில் சுமார் 2.6 மீட்டர், இரண்டரை அடிப் பாதையில் 1.2 மீட்டர். வளைவு பெரியதா சிறியதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை! திரும்பும் கோணமும் இடைவெளியும் மட்டுமே வருகின்றன. ஆனால் இறுக்கமான வளைவில் இந்த வித்தியாசத்தைக் கொஞ்ச தூரத்துக்குள் சரிக்கட்டியாக வேண்டும்.

எப்படிச் சரிக்கட்டுவது? ரயிலின் இடச் சக்கரமும் வலச் சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல முடியாது. அதனால்தான் சக்கரத்தின் விளிம்பைச் சற்றே கூம்பாகச் சீவியிருக்கிறார்கள். டீக்கடைக் காகிதக் கோப்பையைத் தரையில் உருட்டிவிட்டால் நேராகப் போகாமல் வளைந்து போகுமே, அதே கணக்கு. வளைவில் அச்சு வெளிப்பக்கமாக நகரும். வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும், உள் சக்கரம் மெலிந்த பகுதியிலும் உருளும். 175 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அகலப் பாதை வண்டி இப்படித் தானாகத் திரும்ப வேண்டுமானால் அச்சு 4 சென்டிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். அதற்கு இடமில்லை. சக்கரத்தின் உதடு தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும். இடைவெளி பாதியாகி, சக்கரமும் சிறியதானால் ஒன்றரை சென்டிமீட்டர் போதும்.

இந்திய ரயில்வேயின் விதிகள் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. அகலப் பாதை வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. மீட்டர் கேஜுக்கு 109. இரண்டரை அடிப் பாதைக்கு 44 மீட்டர் போதும். இதே அளவில் 1903-இல் திறந்த கல்கா – சிம்லா பாதையில் 40 மீட்டருக்கும் குறைவான வளைவுகள் உண்டு. குன்று குறுக்கே வந்தால் அகலப் பாதை அதைக் குடைய வேண்டும். குட்டி ரயில் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இப்படிச் சுற்றுவதில் ஏற்றமும் தணிகிறது. தருமபுரிக்கும் ஓசூருக்கும் ஏறக்குறைய 400 மீட்டர் உயர வித்தியாசம். சமதளத்தில் ஒரு டன் வண்டியை உருட்ட இரண்டு மூன்று கிலோ இழுவிசை போதும். ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதையில் அதோடு இன்னும் இருபது கிலோ சேரும். தூரத்தை நீட்டித்தான் ஏற்றத்தைக் குறைக்க முடியும். நீட்டுவதற்கு வளைவுகள் வேண்டும்.

இரண்டரை அடி அளவுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் எவரார்ட் கால்த்ராப் என்ற பொறியாளர். மகாராஷ்டிரத்தில் பார்சி சிற்றிருப்புப் பாதையை அமைத்தவர். எஞ்சினோ சரக்குப் பெட்டியோ, எந்த அச்சும் 5 டன்னுக்கு மேல் பாரம் தாங்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துவிட்டால் மீட்டருக்கு 15 கிலோ எடையுள்ள தண்டவாளமே போதும். இன்று நம் முக்கியப் பாதைகளில் கிடப்பது 60 கிலோ. 1897-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகே ஒரு சோதனைப் பாதை போட்டு, வண்டிகளை ஓட்டிக் காட்டிப் பொறியாளர்களை வாயடைக்க வைத்தார்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான மொரப்பூர் ரயில் ஏன் 1941-இல் மூடப்பட்டது? நஷ்டம் என்றார்கள், போர்க்காலம் வேறு, தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் கணக்கில் அது தோற்ற இடம் மலையோ வளைவோ கிடையாது. மொரப்பூர் நடைமேடை. குட்டி ரயிலில் வந்த மூட்டை அப்படியே அகலப் பாதை வண்டிக்குள் போக முடியாது. ஒவ்வொன்றையும் இறக்கி, சுமந்து, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி, அதற்கு நேரம், அதில் கொஞ்சம் சிந்தல். நூற்றுக்கணக்கான மைல் போகும் சரக்குக்கு இந்தச் செலவு கரைந்துவிடும். பதினெட்டு மைல் வந்த மூட்டைக்கு அது தாங்காது.

மறுமுனையில் இன்னொரு வேடிக்கை. பாதை ஓசூரோடு நின்றது. பெங்களூர் அங்கிருந்து 40 கி.மீ.தான், நடுவே மைசூர் சமஸ்தானத்தின் எல்லை. ஒரு முனையில் மூட்டையை மாற்ற வேண்டும், மறுமுனையில் ரயிலே கிடையாது. 1930-களில் லாரியும் பஸ்ஸும் பெருகியபோது போட்டி என்று சொல்லும்படிகூட ஒன்றும் நடக்கவில்லை. லாரி களத்துமேட்டில் ஏற்றியதைத் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக் கடைவாசலில் இறக்கியது.

சேலம் – பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை 1960-களில் தருமபுரி வழியாக வந்தது. 1990-களில் அது அகலப் பாதையாக மாறியது. ஆக, 762, 1000, 1676 என்று மூன்று அளவுகளையும் ஒரே ஊர் அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறது. ரயில் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. இருந்தும் தமிழ்நாட்டில் பழைய ரயில் என்றாலே நீலகிரியைச் சொல்வோம். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை, பல்சக்கரத்தால் ஏறுவது. அல்லது 1855-இல் லீட்ஸில் செய்து, 2010-இல் பெரம்பூரில் உயிர்ப்பித்த ‘இ.ஐ.ஆர். 21’ எஞ்சினைச் சொல்வோம். தருமபுரியின் பெயர் அந்தப் பேச்சில் வருவதில்லை.

வெல்ஷ்பூலில் இன்று ஓடும் பெட்டிகளில் சில மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து வந்தவை; சில ஆஸ்திரியாவில் ஓடியவை. ஆஸ்திரிய அளவு 760 மி.மீ.; இரண்டு மில்லிமீட்டர் குறைவை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. மொரப்பூர் ரயிலின் பெட்டி ஒன்று எங்காவது மிஞ்சியிருந்தால் அதுவும் அந்தத் தண்டவாளத்தில் ஓடியிருக்கும்.

மொரப்பூர் – தருமபுரிப் பாதையை மீண்டும் போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 36 கி.மீ., இம்முறை அகலப் பாதை. மொரப்பூரில் இனி எதையும் இறக்கி ஏற்ற வேண்டியிருக்காது. ஆனால் பெரிய வளைவுகளுக்குப் பெரிய நிலம் வேண்டும். பழைய பாதையின் தடத்தில் இடையிடையே வீடுகள் முளைத்துவிட்டன. இரண்டரை அடி மிச்சப்படுத்திய நிலத்தை இப்போது பட்டா பட்டாவாக வாங்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து முதல் வண்டி புறப்படும்போது, மொரப்பூர் நடைமேடை ஓரத்தில் 762 மி.மீ. இடைவெளியில் பத்தடித் தண்டவாளம் ஒன்றைப் பதித்து, 1906, 1941 என்று இரண்டு ஆண்டுகளை எழுதி வைக்கலாம். அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது.