தைசனாப்டெரா: கிரேக்க வேரும் இலைப்பேன் என்னும் தமிழ் வழக்கும்

மிளகாய்ச் செடியின் தளிரை மேல்நோக்கிச் சுருளச் செய்யும் இலைப்பேன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உடையது. அது அடங்கும் வரிசைக்கு அயர்லாந்துப் பூச்சியியலாளர் ஹாலிடே 1836இல் இட்ட பெயர் தைசனாப்டெரா. கிரேக்கத்தில் தைசனோஸ் என்பது குஞ்சம். தெரோன் என்பது சிறகு. குறுகிய சிறகின் விளிம்பில் நீண்ட மயிரிழைகள் நெருங்கி நிற்பதே இப்பெயர்க்குக் காரணம். எனினும் சிறகே இல்லாத இனங்களும் இவ்வரிசையில் உள்ளன. காலின் நுனியிலுள்ள சிறு பையை நோக்கி, பைக்காலி எனப் பொருள்படும் பைசபோடா என்ற பெயரும் முன்னர் வழங்கியது.

உழவர் வாயிலும் வழங்கும் திரிப்ஸ் என்ற பெயரின் வரலாறு வேறு. கிரேக்கத்தில் அது மரத்தைத் துளைக்கும் புழுவைக் குறித்த சொல். லின்னேயசு 1758இல் அதனை இப்பூச்சியின் பேரினப் பெயராக்கினார். ஈற்றிலுள்ள ‘ஸ்’ பன்மை விகுதியன்று. ஆகவே ‘திரிப்’ என ஒருமை காண்பது பிழை. பிறிதோர் உயிரின் பெயரைச் சுமக்கும் இச்சொல்லைத் துல்லியமானதெனக் கொள்வதற்கில்லை.

இலைப்பேன் என்னும் தமிழ்ப்பெயரும் இவ்வாறே குறை கூறப்படுவதுண்டு. பேன் அடங்கும் வரிசையின் கிரேக்கப்பெயரான திராப்டெராவுக்குச் ‘சிறகற்ற பேன்’ என்பதே பொருள். இலைப்பேனுக்கோ பெரும்பாலும் சிறகு உண்டு. ஆயின் வேளாண் வழக்கில் அசுவினி செடிப்பேன் எனவும், எட்டுக்கால் உடைய சிற்றுயிர் சிலந்திப்பேன் எனவும் வழங்குகின்றன. இங்குப் பேன் என்பது உறவு சுட்டும் சொல்லன்று. மொய்த்திருந்து சாறுண்ணும் நுண்ணுயிரிக்குரிய பொதுச்சொல். உழவர் வகைப்பாடு உடலமைப்பை நோக்காது தீங்கின் தன்மையை நோக்குகின்றது.

இவ்வேறுபாடு சென்னைக்குத் தொலைவானதன்று. இலயோலா கல்லூரியில் 1963இல் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. என். அனந்தகிருஷ்ணன் தம் ஆய்வின் பெரும்பகுதியை இவ்வரிசைக்கே அளித்தார். அவரது ‘இந்தியன் தைசனாப்டெரா’ 1969இல் வெளிவந்தது. அத்தகைய நூலொன்று தமிழில் எழுதப்படின் இலைப்பேன் என்பது வரிசைப்பெயராகப் போதாது. பூவிலும் பூஞ்சையிலும் வாழ்வன பல, பிற பூச்சிகளை உண்பனவும் சில. இருசிறகி, செதிலிறகி என்பவற்றின் அடியொற்றிக் குஞ்சச்சிறகி எனலாம். ஆயின் தமிழில் குஞ்சம் நுனியில் தொங்குவது. இப்பூச்சியின் இழைகளோ விளிம்பு நெடுக நிற்பவை. எனவே இழைச்சிறகி என்பதே பொருந்தும்; வயலில் இலைப்பேன் இலைப்பேனாகவே இருக்கலாம்.