கட்டணமில்லாத வகுப்பறை உங்கள் வீட்டிற்குள்



பிழைப்பைத் தேடி ஊரை விட்டுப் பெருநகரங்களுக்கு வந்த குடும்பங்கள் நம்முடையவை. மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ ஒற்றை அறை வீட்டில் தொடங்கிய வாழ்க்கை நம்மில் பலருடையது. நாம் ஊரில் விட்டு வந்தவை வீடும் வயலும் மட்டுமல்ல. பலர் தங்கள் படிப்பையும் பாதியில் விட்டு வந்தார்கள். தம்பி தங்கைகளின் கல்விக்காகப் பத்தாம் வகுப்போடு நின்றுகொண்ட அண்ணன்மார் உண்டு. பட்டம் பெற்றும், திருமணமாகி மொழி தெரியாத ஊருக்கு வந்ததால் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த சகோதரிகள் உண்டு. "இனி நமக்கு எதற்குப் படிப்பு? பிள்ளைகள் படித்தால் போதும்" என்று அவர்கள் சொல்லும்போது, அந்த வார்த்தையின் அடியில் ஓர் ஏக்கம் இருப்பதை நாம் அறிவோம்.

அந்த ஏக்கத்திற்கு இன்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் நடத்தும் விரிவுரைகளை இணையத்தின் வழியாக, கட்டணம் ஏதுமின்றி, நம் வீட்டிலிருந்தே கேட்கலாம். ஆனால் வாசல் திறந்திருப்பது வேறு, உள்ளே சென்று கற்று முடிப்பது வேறு. இவ்விரண்டையும் குறித்து உங்களோடு பேச விரும்புகிறோம்.

வாசல் திறந்த விதம்

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 1984 ஆகஸ்டு 15 முதல் தூர்தர்ஷனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. நல்ல முயற்சிதான். ஆனால் அந்த நேரத்தில் வேலையில் இருந்தவருக்கு அன்றைய பாடம் போனது போனதுதான்.

2001 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடக்குறிப்புகளையும் தேர்வுத்தாள்களையும் இணையத்தில் அனைவருக்கும் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. (சுருக்கமாக எம்.ஐ.டி. என்பர், சென்னை குரோம்பேட்டையில் உள்ளது வேறு.) 2002 இல் 50 பாடங்களோடு தொடங்கிய அப்பணி, இன்று 2500க்கும் மேற்பட்ட பாடங்களாக வளர்ந்திருக்கிறது. பலவற்றில் வகுப்பறை விரிவுரைகளின் காணொளியும் உண்டு. பெயர் பதிய வேண்டியதில்லை. சான்றிதழும் கிடையாது, அறிவு மட்டுமே கிடைக்கும்.

நம் நாடும் பின்தங்கவில்லை. 2003 இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, மத்திய அரசின் நிதியுதவியோடு, என்பிடெல் என்னும் திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்காத மாணவனும் அங்குள்ள ஆசிரியரின் பாடத்தைக் கேட்க முடிந்தது. 2014 முதல் வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகளும், விரும்பினால் தேர்வும் சான்றிதழும் கொண்ட வகுப்புகளை அது நடத்தி வருகிறது. 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில், ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரையிலான பாடங்கள் உள்ளன. அதே நாளில் தொடங்கிய ஸ்வயம் பிரபா அலைவரிசைகளின் வழியாகத் தொலைக்காட்சியிலும் பாடங்களைக் காணலாம்.

எவற்றையெல்லாம் கற்கலாம்?

இவை பொறியியல் மாணவருக்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். யேல் பல்கலைக்கழகம் 2007 இல் வெளியிடத் தொடங்கிய பாடங்களில், பிற்காலத்தில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லர் நிதிச் சந்தைகளைப் பற்றி நடத்திய வகுப்பு உண்டு. கிறிஸ்டின் ஹேஸ் பழைய ஏற்பாட்டைப் பற்றி நடத்திய வகுப்பும் உண்டு. அது வேதத்தை வரலாறாகவும் இலக்கியமாகவும் ஆராயும் கல்லூரி வகுப்பு. சபையில் கேட்கும் பிரசங்கத்தைப் போன்றதன்று என்பதை அறிந்து கேட்க வேண்டும். ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நீதியைப் பற்றி நடத்திய வகுப்பும், கணினி அறிவியலின் அடிப்படைகளைக் கற்பிக்கும் மற்றொரு வகுப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. என்பிடெல்லிலும் பொருளாதாரம், உளவியல், இலக்கியம், மேலாண்மை எனப் பல துறைகள் சேர்ந்துவிட்டன.

ஓர் உதாரணம் பாருங்கள். உங்கள் மகன் பொறியியல் முதலாம் ஆண்டில் கணிதத்தில் தோல்வியடைந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அணிகள் என்னும் பகுதியே அவனுக்கு விளங்கவில்லை. தனிவகுப்புக்கு வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். கடன் வாங்குவதற்கு முன், எம்.ஐ.டி.யின் கில்பர்ட் ஸ்ட்ராங் அதே பாடத்தை நடத்துவதை அவன் ஒரு மாதம் கேட்கட்டும். 1962 முதல் 2023 வரை அங்கே கற்பித்த ஆசிரியர் அவர். சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் கொண்டு, 1999 இல் பதிவு செய்யப்பட்ட அந்த வகுப்புகளை உலகெங்கும் மாணவர்கள் இன்றும் கேட்கிறார்கள். விளங்காத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் கேட்கலாம். பத்து முறை கேட்டாலும் அந்த ஆசிரியர் சலித்துக்கொள்ளமாட்டார். வகுப்பில் கைதூக்கிக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்!

மொழி என்னும் மதில்

"எல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேச்சின் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி உண்டு. பேச்சை எழுத்தாகத் திரையில் காட்டும் வசதியும் உண்டு. காதுக்குப் பிடிபடாத சொல்லைக் கண் பிடித்துக்கொள்ளும். என்பிடெல் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. முதல் இரண்டு வாரம் கடினமாகவே இருக்கும். ஒரு பேராசிரியரின் உச்சரிப்புக்குக் காது பழகிய பின் பாரம் குறையும்.

இலவசம், ஆனால் விலை உண்டு

பிரியமானவர்களே, இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். 2011 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் அவருடைய நண்பரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இணையத்தில் நடத்திய இலவச வகுப்பில், ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தனர். முடித்தவர்களோ சுமார் 20,000 பேர்தாம். எட்டில் ஏழு பேர் வழியிலேயே நின்றுவிட்டார்கள். அதற்குப் பின் வந்த இலவச வகுப்புகளிலும் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர் என்பதே நிலை.

நின்றவர்களெல்லாம் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பணம் கட்டாததை விடுவது எளிது. கேட்பார் இல்லை, கண்டிப்பார் இல்லை. மேலும், கேட்பதையே கற்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். நல்ல ஆசிரியர் பேசும்போது எல்லாம் விளங்கியதாகவே தோன்றும்; தாளை எடுத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விளங்காதது எது என்று தெரியும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. ஒரே ஒரு பாடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதை முடிக்கும் வரை வேறொன்றைத் தொடாதீர்கள்.

2. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் என்று குறித்துவிடுங்கள். ஒரே அறையில் வாழும் குடும்பம் என்றால், அந்த நேரத்தில் தொலைக்காட்சியை அணைக்க அனைவரும் சம்மதிக்க வேண்டும். வீட்டில் ஒரே கைபேசி இருந்தால், யாருக்கு எப்போது என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.

3. நோட்டும் பேனாவும் இன்றி விரிவுரையைத் திறக்காதீர்கள். முடிந்ததும், பாராமல் ஐந்து வரி எழுதுங்கள்.

4. பயிற்சிக் கணக்குகளைத் தவிர்க்காதீர்கள்.

5. துணை தேடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஒரே பாடத்தைக் கற்கும் இருவர் அரைமணி நேரம் அமர்ந்து பேசினால், இருவருமே இடையில் நிற்கமாட்டார்கள்.

ஏமாறாதீர்கள்

இவ்வகுப்புகளின் சான்றிதழ் பட்டம் ஆகாது. என்பிடெல்லில் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும். ஸ்வயம் பாடங்களின் மதிப்பெண்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள விதிமுறைகள் இடமளிக்கின்றன. எனினும் உங்கள் பிள்ளையின் கல்லூரி எந்தப் பாடங்களை ஏற்கிறது என்பதை முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இலவசப் பாடங்களைக் காட்டி "வீட்டிலிருந்தே பட்டம்" என்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். செவிலியர் பணியையோ மின்பணியையோ திரையைப் பார்த்து மட்டும் கற்க இயலாது. கை பழக வேண்டிய தொழிலுக்குக் கை பழகியே ஆகவேண்டும்.

இறுதியாக, பத்தாம் வகுப்போடு நின்ற அண்ணனுக்கும், பட்டத்தைப் பெட்டியில் வைத்த சகோதரிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாலந்து புதைந்து கிடக்கலாம், அது அழிந்துவிடவில்லை. இந்த வாரம் ஒரு பாடத்தின் முதல் விரிவுரையை மட்டும் கேளுங்கள். பாதிதான் விளங்கும்; பாதகமில்லை. "படி, படி" என்று பிள்ளைகளிடம் நாம் நூறு முறை சொல்லியிருக்கிறோம். தகப்பனும் தாயும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை அவர்கள் ஒருமுறை காணட்டும். அவர்களும் தங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் அருகில் வந்து அமருவார்கள்.