பெங்களூரில் முதல் நாள்

எந்த நிலையத்தில் இறங்குவது, எந்த மொழியில் வழி கேட்பது? முதல் முறை வரும் தமிழருக்கு இந்த நகரம் வைக்கும் இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே வரலாற்றில் இருக்கிறது.

ஜோலார்பேட்டையைத் தாண்டி ரயில் மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஜன்னல் காற்றின் குணம் மாறிவிடுகிறது. குப்பம், பங்காரப்பேட்டை, வொயிட்ஃபீல்டு. சென்னையில் வியர்வையோடு ஏறியவர் போர்வையைத் தேடுகிறார். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு வந்தாயிற்று. விடிவதற்கு முன்பே பெட்டியில் சலசலப்பு. பைகள் இறங்குகின்றன. பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார்: "கண்டோன்மென்ட்டா, சிட்டியா?"

முதல் முறை வருபவர் விழிப்பது இங்கேதான். ஒரு நகரத்துக்கு ஏன் இரண்டு பெயர்கள்?

ஏனென்றால் இவை உண்மையிலேயே இரண்டு நகரங்கள். 1537-இல் கெம்பெகவுடா என்ற சிற்றரசர் மண் கோட்டை கட்டி எழுப்பிய 'பேட்டை' ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கொசுக்கடி பொறுக்காமல் ஆங்கிலேயப் படை 1809-இல் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அமைத்த 'தண்டு' இன்னொன்று. முன்னது மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. பின்னது ஆங்கிலேயரின் கையில். மெட்ராஸிலிருந்து ரயில் 1864-இல் முதலில் வந்து நின்றது கண்டோன்மென்ட்டில்தான். ராணுவத்துக்காகப் போட்ட பாதை அது. இரண்டையும் ஒரே மாநகராட்சியாக இணைத்தது 1949-இல்.

இந்தக் கதை தெரியாத பயணி, கூட்டத்தோடு கூட்டமாக சிட்டி நிலையத்தில் இறங்குகிறார். இன்று அதன் பெயர் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா நிலையம். சாலையைக் கடந்தால் மெஜஸ்டிக். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பேருந்துகள். மெஜஸ்டிக் என்பது ஒரு சினிமா தியேட்டரின் பெயர். தியேட்டர் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. அதைவிடப் பெரிய ஒன்றும் இங்கே போயிருக்கிறது. பேருந்துகள் நிற்கும் இந்தப் பள்ளம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. நகரின் தாகம் தீர்த்த நீர்நிலை.

பயணிக்கு இது முதல் பாடம். பெங்களூரில் எங்கே பெரிய சமதளம் கண்ணில் பட்டாலும், முன்பு அங்கே தண்ணீர் இருந்ததா என்று கேட்டுக்கொள்ளலாம். கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்பது சம்பங்கி ஏரியில். ஆற்றங்கரையில் பிறக்காத நகரம் இது. ஏரிகளை வெட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீரை வழியவிட்டுத்தான் பிழைத்தது. ஏரிகளைத் தூர்த்த பிறகு தண்ணீருக்கு எங்கே போவது? சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்குக் காவிரியை ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டக் காவிரித் திட்டம் நிறைவேறியது 1974-இல். ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில். அதே ஆண்டுக் கோடையில்தான் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, அடுக்குமாடிவாசிகள் தண்ணீர் லாரிக்காகக் காத்துக்கிடந்தார்கள். மெஜஸ்டிக் ஓட்டலில் பயணியின் முன் வைக்கப்படும் தண்ணீர் டம்ளரில் இருப்பது அநேகமாகக் காவிரி. இரண்டு மாநிலங்கள் நூறாண்டுக்கு மேலாக வழக்காடிய நதி.

மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஒரே நிலையம் தள்ளி சிக்பேட்டை. மேலே ஏறி வந்தால் பழைய பேட்டை. நான்கு திசைகளிலும் எருதுகளைப் பூட்டி உழவிட்டு, அந்த உழவுச் சால்களையே கெம்பெகவுடா வீதிகளாக்கினார் என்பது வழிவழிக் கதை. பருத்திக்கு ஒரு பேட்டை, அரிசிக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று என்று தொழிலுக்கொரு தெருவாகப் பிரிந்தது ஊர். அவென்யூ சாலையில் புத்தகக் கடைகளைத் தாண்டி நடந்தால் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். காலை வேளையில் சாமந்தியும் கனகாம்பரமும் குவியல் குவியலாக. இங்கே பயணி ஒரு சின்ன இலக்கணத்தைக் கண்டுபிடிக்கிறார். பூ என்றால் 'ஹூவு'. பால் என்றால் 'ஹாலு'. பல் என்றால் 'ஹல்லு'. போ என்றால் 'ஹோகு'. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிடுகிறது. அவ்வளவுதான். பாதி மொழி கைக்கு வந்துவிட்டது போல ஒரு தெம்பு.

இதே பேட்டையில்தான் சித்திரைப் பௌர்ணமி இரவில் கரகம் புறப்படுகிறது. தர்மராயர் கோயிலிலிருந்து திரௌபதியின் கரகத்தைத் தலையில் தாங்கி வருபவர் திகளர் சமூகத்தைச் சேர்ந்தவர். தோட்டத் தொழிலில் பெயர்பெற்ற இந்தச் சமூகத்துக்குத் தமிழ் வேர்கள் உண்டு என்று கருதப்படுகிறது. ஊர்வலம் வழியில் மஸ்தான் சாகிபு தர்காவில் நின்றுதான் செல்கிறது. பெங்களூரின் தனிப்பெரும் திருவிழா எது என்று கேட்டால் கன்னடர்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

மீண்டும் பச்சைத் தடம். லால்பாக். ஹைதர் அலி 1760-இல் தொடங்கி, திப்பு வளர்த்து, ஆங்கிலேயர் மெருகேற்றிய 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1889-இல். பயணிகள் அங்கேதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தோட்டத்தின் உண்மையான அதிசயம் ஒரு வெற்றுப் பாறை. சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது. அதன் உச்சியில் கெம்பெகவுடா வம்சத்தின் காவல் கோபுரம் ஒன்று. நகரம் இதற்கு மேல் வளராது என்று நான்கு திசைகளிலும் வைத்த எல்லைக்கற்களில் இது ஒன்று என்பார்கள். எல்லை எப்போதோ கடக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே மாநகரத்தின் மக்கள்தொகை 84 லட்சம்.

பசி வேளை. தோட்டத்துக்கு அருகே 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையை வைத்து இட்லி வார்த்தது தாங்களே என்று சொல்லிக்கொள்ளும் இடம். வரிசை நீளமாக இருந்தால் கவலையில்லை. தெருவுக்குத் தெரு 'தர்ஷினி'கள். நாற்காலி கிடையாது, நின்றபடியே சாப்பிட வேண்டும். சாம்பாரில் வெல்லம் தட்டுப்படும்போது தமிழ் நாக்கு ஒரு கணம் திகைக்கும். காபியில் சமாதானமாகிவிடும்.

பிற்பகலில் ஊதா நிறத் தடம். விதான சவுதாவில் இறங்குகிறார் பயணி. கெங்கல் ஹனுமந்தையா முதல்வராக இருந்தபோது எழுந்து, 1956-இல் முடிந்த கருங்கல் மாளிகை. எதிரே சிவப்பு நிறத்தில் உயர் நீதிமன்றம், அந்த நாளைய 'அட்டாரா கச்சேரி'. 1868-இல் முடிந்த இந்தக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். ஏழையாகப் பெங்களூர் வந்து பொருளீட்டியவர், 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியும் தொடங்கினார். பின்னால் விரிகிறது கப்பன் பூங்கா. ஒரு காலத்தில் பேட்டையையும் தண்டையும் பிரித்து வைத்த பசுமை வேலி.

பூங்காவைக் கடந்ததும் காதில் விழும் மொழி மாறுகிறது. சிவாஜி நகர், அல்சூர். ஆங்கிலேயப் படையோடு வந்தவர்கள் சிப்பாய்கள் மட்டுமல்ல. தானியம் விற்றவர், துணி தைத்தவர், சமைத்தவர், கல் சுமந்தவர் என்று மெட்ராஸ் மாகாணத்துத் தமிழர் பலர் பின்தொடர்ந்து வந்தார்கள். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படையின் வீரர்களுக்கு இன்றும் செல்லப் பெயர் 'தம்பி'.

மெட்ரோ நிலையப் பலகையில் 'ஹலசூரு' என்று இருக்கிறது. காலையில் கற்ற இலக்கணம் கைகொடுக்கிறது. 'ஹலசு' என்றால் பலா. பலா ஊர்தான் அல்சூர்!

ஆனால் இந்த ஊரில் மொழி என்பது விடுகதை விளையாட்டு மட்டுமல்ல. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பைத் தொடர்ந்த கலவரத்தில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். 2000-இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய 108 நாட்களும் தமிழர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2016 செப்டம்பரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. அப்போதெல்லாம் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து இருப்பதே ஆபத்தாக இருந்தது.

கன்னடர்களின் மனக்குறையையும் பயணி தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தத் தலைநகரிலேயே கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. வந்து குடியேறுபவர் முதலில் கற்கும் கன்னடம் 'கன்னட கொத்தில்லா', கன்னடம் தெரியாது என்பதுதான் என்று அவர்கள் கசப்போடு கேலி செய்கிறார்கள். முப்பது ஆண்டு வாழ்ந்தும் அந்த ஒரு வாக்கியத்தோடு நிற்பவர்கள் உண்டு. யார் முந்தி வந்தவர் என்று வாதாடுவதிலும் பயனில்லை. பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் பேகூர்க் கல்வெட்டு ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னடம். அல்சூருக்குப் பக்கத்தில் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் இருப்பவை பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள். கல் இரண்டையும் சுமந்துகொண்டிருக்கிறது.

மாலை வெயில் சாயும் நேரத்தில் பயணி ஏரிக்கரைக்கு வந்துசேர்கிறார். அருகில்தான் 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். கரையில் திருவள்ளுவர் சிலை. 1991-இல் நிறுவியும் எதிர்ப்பால் திறக்க முடியாமல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை. 2009 ஆகஸ்ட் 9 அன்று முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒரு மொழியின் கவிஞருக்கு மற்ற மொழியின் ஊரில் இடம். பேரம் என்று சிலர் சொன்னார்கள். பண்டமாற்றே ஆனாலும் இரு தரப்புக்கும் நஷ்டமில்லாத பண்டமாற்று.

இருட்டுகிறது. கண்டோன்மென்ட் நிலையத்துக்குப் போக வேண்டும். ஆட்டோக்காரரிடம் பயணி நாளெல்லாம் சேர்த்த சொற்களைக் கோத்து, "ஸ்டேஷன்கெ ஹோகபேக்கு" என்கிறார். இந்தப் பகுதியில் அதற்குப் பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். 'உட்காருங்க சார்' என்று. ஆனாலும் கன்னடத்தில் கேட்டது வீண்போவதில்லை. வண்டி ஓட்டுபவரின் முகம் அதைச் சொல்லிவிடும். மீட்டர் போடுவாரா என்பது மட்டும் வேறு விஷயம்.