கோட்டுக்கும் மத்தளத்துக்கும் ஒரே தோல்

முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு மத்தளச் சத்தத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதே மத்தளத்தைக் கார்த்திகை மழையில் ஒரு கிழமை வீட்டு மூலையில் போட்டுவிட்டுத் தட்டிப் பாருங்கள். 'திம்' என்று எழும்ப வேண்டிய சத்தம் 'தொப்' என்று விழும். மரம் அதே மரம், கையும் அதே கை. தோலுக்குத்தான் ஏதோ நடந்திருக்கிறது.

இன்றைக்கு அந்தத் தோலைப் பற்றிக் கதைப்போம். கிழிந்த தோலை வீட்டிலேயே தைக்கலாமா என்றும் பார்ப்போம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் வன்னியில் ஒருவருமே போடாத உடுப்பு: உரோமக் கோட்டு. விலங்கின் தோலை மயிரோடு சேர்த்துப் பதனிட்டுத் தைத்த குளிர்ச்சட்டை. சிரிக்காதீர்கள். போர்க்காலத்தில் கனடாவுக்கும் நோர்வேக்கும் சுவிசுக்கும் போன மாமாமாரும் மாமிமாரும் லீவில் வந்து திரும்பும்போது, பெட்டியில் இடமில்லை என்று ஒரு பழைய குளிர்க்கோட்டை இங்கே விட்டுவிட்டுப் போவது நடக்கிற காரியம்தான். அது அலுமாரிக்குள் கிடந்து, மாரிக்குப் பூஞ்சணம் பிடித்து, என்றைக்கோ ஒருநாள் எடுத்து உதறும்போது கமக்கட்டுப் பக்கம் 'சர்' என்று கிழிகிறது. என்ன செய்வது?

ஊசியைத் தேடுவதற்கு முன் தோல் எதனால் ஆனது என்று தெரியவேண்டும். தோலின் மேற்புறம் மெல்லிய மேற்றோல். அடியில் கொழுப்பு. இரண்டுக்கும் நடுவில் தடிப்பாக இருப்பது உட்டோல். மத்தளமும் செருப்பும் கோட்டும் இந்த உட்டோலின் பலத்தில்தான் நிற்கின்றன. உட்டோலில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். கிணற்றுக் கயிற்றின் நுனியைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள், மூன்று புரிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். கொலாஜனும் அப்படித்தான்: மூன்று சங்கிலிகள் முறுக்கி ஓர் இழை, பல இழைகள் சேர்ந்து ஒரு நார். அந்த நார்கள் எல்லாப் பக்கமும் குறுக்கும் மறுக்குமாக ஓடிப் பின்னிக் கிடப்பதே உட்டோல். துணியில் நூல் இரண்டு திசையில் மட்டும் ஓடுவதால் அதை நேராகக் கிழித்துவிடலாம். நல்ல தோலைக் கையால் கிழிக்க எந்தப் பயில்வானாலும் முடியாது.

கொலாஜனுக்கு இரண்டு எதிரிகள்: ஈரமும் சூடும். இரண்டும் சேர்ந்து வந்தால் மிகவும் மோசம். பதனிடாத தோலை நனைத்துச் சூடாக்கினால் ஏறக்குறைய 60 முதல் 65 பாகை செல்சியசில் அந்த முறுக்கு அவிழ்ந்துவிடும். தோல் சட்டென்று சுருங்கும், பிறகு பழையபடி வராது. இதை நீங்கள் குசினியில் பார்த்திருக்கிறீர்கள். ஆட்டெலும்புச் சூப்பு ஆறியதும் தளதளவென்று கட்டிபடுகிறதே, அதைக் கட்டிபடுத்துவது முறுக்கு அவிழ்ந்த கொலாஜன். அதற்கு ஜெலற்றின் என்று பெயர்.

இப்போது மத்தளத்துக்கு வருவோம். மத்தளத்துக்குப் போடுவது பதனிடாத பச்சைத்தோல். மயிரைச் சுரண்டி எடுத்து, ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்து வாரால் கட்டிக் காயவிடுவார்கள். காயக் காயத் தண்ணீர் வெளியேறி, நார்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். தோல் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுக்குச் சுருதி ஏறும். இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி இரண்டு மடங்கு, இது இயற்பியல் கணக்கு. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரம் நார்களுக்கிடையில் நுழைந்து அவற்றை வழுக்கவிடுகிறது. இழுவிசை தளர்கிறது, சத்தம் விழுகிறது. தமிழ்நாட்டுப் பறையாட்டக் கலைஞர்கள் ஆட்டத்துக்கு முன் தீ மூட்டிப் பறையை அனலில் காட்டுவது இந்த ஈரத்தை விரட்டத்தான். அனலில் காட்டுவார்களே தவிர நெருப்பில் வைக்கமாட்டார்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கோட்டுக்கு அப்படி இறுகிய தோல் சரிவராது. கையை மடக்க முடியாது. அதற்குத்தான் பதனிடுவது. நார்களுக்கிடையில் வேறொரு பொருளைக் குடியேற்றிவிட்டால், காய்ந்தாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் மெதுமெதுவென்று இருக்கும். வன்னிப் பற்றைகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையில் தனின் என்ற பொருள் நிறைய உண்டு. தென்னிந்தியாவில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டார்கள். தனின் என்ன செய்யும் என்று அறியவேண்டுமா? சாயம் கடுமையான பிளேன்ரீயைச் சீனியில்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு இழுக்கும். தேயிலையிலுள்ள தனின் வகைப் பொருள்கள் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் உணர்வு அது. தோலில் அதே தனின் கொலாஜனைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு பக்ரீரியாவுக்கு அந்தத் தோலைத் தின்று அழுகவைப்பது இலேசில்லை. இந்த விஞ்ஞானத்துக்கென்றே சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

மயிரோடு இருக்கும் தோலுக்குப் பழைய முறை வேறு: படிகாரமும் உப்பும். தோல் வெள்ளையாகவும் மெதுவாகவும் வரும். குறை ஒன்று உண்டு. படிகாரம் தண்ணீரில் கரைந்து போய்விடும். மாமியின் கோட்டில் ஊத்தை இருக்கிறதென்று யாராவது அதைச் சலவை இயந்திரத்தில் போட்டால், வெளியே வருவது பாதி பச்சைத்தோல். காய்ந்ததும் மட்டைபோல விறைத்துவிடும். நான் ஒரேயடியாகச் சொல்கிறேன்: உரோமக் கோட்டைத் தோய்க்கவே கூடாது. ஈரத்துணியால் மயிரை மட்டும் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் போதும். ஸ்திரிக்கைப் பெட்டியை அதன் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

உலகத்திலேயே புகழ்பெற்ற தைத்த கோட்டு ஒன்றின் கதையைக் கேளுங்கள். 1991 செப்ரெம்பர் 19ஆம் திகதி, ஒஸ்ரியாவுக்கும் இத்தாலிக்கும் எல்லையிலுள்ள அல்ப்ஸ் மலையில், 3,200 மீற்றருக்கு மேல் உயரத்தில், மலையேறப் போன இருவர் பனிக்குள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். அண்மையில் இறந்தவர் என்று முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்தால் அவர் இறந்து ஏறக்குறைய 5,300 ஆண்டுகள்! ஓட்சி என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். அவருடைய கோட்டு வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் கலந்து, கபிலமும் கறுப்புமான பட்டிகளாக வெட்டித் தைத்தது. தொப்பி கரடித் தோல். கோட்டைத் தைத்த நூல் விலங்கின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார். தையல் ஒழுங்கானது, கை தேர்ந்தவர் தைத்திருக்கவேண்டும். ஆனால் சில இடங்களில் கிழிசலைப் புல்நாரால் இழுத்து அவசரமாக முடிந்திருக்கிறது. மலையில் தனியாகத் திரிந்த மனிதர், கையில் அகப்பட்டதால் தானே தைத்துக்கொண்டார் போலும். எனக்கு அந்த ஒழுங்கில்லாத தையல்தான் மிகவும் பிடிக்கும். கோட்டு இப்போது இத்தாலியின் பொல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தசைநாணை ஏன் நூலாக்கினார்கள்? அதுவும் கொலாஜன்தான். தோல் விரியும்போது அதுவும் விரியும், சுருங்கும்போது சுருங்கும். வடதுருவப் பக்கத்து இனுவிற் மக்கள் தசைநாணால் தைத்த சப்பாத்துக்குள் தண்ணீர் நுழைவதில்லை. நூல் நனைந்ததும் ஊதி, ஊசித் துளையை அதுவே அடைத்துவிடும்.

சரி, மாமியின் கோட்டுக்கு வருவோம். முதலில் அது உண்மையான தோல்தானா என்று பார்க்கவேண்டும். மயிரை விலக்கி அடியைப் பாருங்கள். துணி நெசவு தெரிந்தால் பிளாஸ்ரிக் மயிர், சாதாரணத் துணி தைப்பதுபோலத் தைக்கலாம். சந்தேகமானால் ஓரிரு மயிரைப் பிடுங்கி, பெரியவர் ஒருவரைக் கொண்டு நெருப்பில் காட்டச் சொல்லுங்கள். தலைமயிர் கருகும் மணம் வந்தால் உண்மை மயிர். மயிரிலுள்ள கெரற்றின் என்ற புரதத்தில் கந்தகம் இருப்பதால் வரும் மணம் அது. உருகிக் குண்டுமணிபோல உருண்டால் பிளாஸ்ரிக்.

உண்மைத் தோல் என்றால் அடுத்த சோதனை. கிழிசலுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். கொஞ்சம் விரிந்து கொடுத்தால் தோலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, தைக்கலாம். பேப்பர்போலப் பிரிந்துகொண்டு வந்தால் நார்கள் மக்கிவிட்டன. எந்த ஊசியும் அதைக் காப்பாற்றாது. பின்னால் மெல்லிய பருத்தித் துணியைப் பசையால் ஒட்டி, சுவரில் மாட்டி வைக்கவேண்டியதுதான்.

தைக்கலாம் என்றால் உள்துணியின் தையலைப் பிரித்து, தோலின் உட்பக்கத்திலிருந்து வேலை செய்யவேண்டும். மயிர்ப் பக்கமிருந்து தைத்தால் மயிர் நூலில் சிக்கிச் சொட்டைபோலத் தெரியும். கிழிசலின் இரண்டு விளிம்பையும் நேருக்குநேர் சேர்த்து, வெளியே எட்டிப் பார்க்கும் மயிரை ஊசி முனையால் மயிர்ப் பக்கம் தள்ளிவிட்டு, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போகவேண்டும். கிழிசல் முடிகிற இடத்தைத் தாண்டியும் நாலைந்து தையல் போடுங்கள். தோல் தைக்கும் ஊசியின் முனை மூன்று விளிம்பாக இருக்கும், செருப்புத் தைப்பவரிடம் கேட்டால் காட்டுவார்.

நூல்? முல்லைத்தீவுப் பிள்ளைகள் உடனே தங்கூசியை, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூலைத் தேடுவீர்கள். வேண்டாம். அது பழைய தோலைவிடப் பலமானது. இழுபடும்போது தங்கூசி அறாது, தோல்தான் அறுபடும். மெழுகு தடவிய பருத்தி நூல் நல்லது. தையலை நெருக்கி நெருக்கிப் போடுவதும் பிழை. துளைகள் கூடினால் அந்த வரிசையிலேயே திரும்பக் கிழியும். இரண்டு தையலுக்கிடையில் மூன்று மில்லிமீற்றராவது விடுங்கள். முடிவில் தையலின் மேல் ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைத்தால் இழுவிசையை நாடா தாங்கிக்கொள்ளும்.

கிழிசலின் நுனியை இவ்வளவு கவனிப்பது ஏன் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொப்பித் தாளில் ஒரே அளவான இரண்டு பட்டிகள் வெட்டுங்கள். ஒன்றை அப்படியே விட்டு, மற்றதன் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு. இரண்டையும் இரு முனையிலும் பிடித்து நேராக இழுங்கள். முதலாவது அடம்பிடிக்கும். இரண்டாவது வெட்டிய இடத்திலிருந்து 'டக்' என்று போகும். இழுவிசை முழுவதும் வெட்டின் கூர்நுனியில் குவிவதுதான் காரணம். மத்தளத் தோல் நடுவில் கிழிந்தால் தைக்காமல் புதுத்தோல் மாற்றுவதும் இதனால்தான். அவ்வளவு இறுகி நிற்கும் தோலில் ஒவ்வொரு ஊசித் துளையும் அடுத்த கிழிசலுக்கு வாசல்.

தைத்த கோட்டை என்ன செய்வது? அந்துப்பூச்சியின் புழுவும் தோல் வண்டின் புழுவும் கெரற்றினைச் சமிக்கக்கூடியவை. அவற்றுக்கு அந்த அலுமாரி கலியாண வீடு. பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்திச் சீலையால் மூடி, சோளகம் வீசும் நாளில் நிழலில் எடுத்து உதறுங்கள். அல்லது, என்னைக் கேட்டால், அடுத்த முறை மாமி வரும்போது கையோடு கொடுத்துவிடுங்கள். இங்கே அதற்கு வேலையில்லை. உரோமம் தானாகச் சூடு தருவதில்லை, மயிர்களுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் மறிக்கிறது. குளிர்நாட்டு விலங்குகளுக்கு நீண்ட மயிரின் அடியில் மிக நெருக்கமான குட்டை மயிர் இன்னொரு அடுக்காக இருக்கும். வன்னிக் காட்டுக் கரடிக்கு அந்த அடியடுக்கு பெரிதாக இல்லை.

கரடி, சிறுத்தை, மான், மரை என்று நம்முடைய காட்டு விலங்குகளின் தோலைப் பற்றி ஒரு சொல். அவற்றைக் கொல்வதும் தோலை விற்பதும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது விலைக்குக் கொண்டுவந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி. மழையில் நனைந்த தோல் செருப்பை ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தார். காலையில் அது விறைத்து, அளவும் சிறுத்துப்போனது. அதே சோடியின் மற்றச் செருப்பு திண்ணை நிழலில் மூன்று நாள் காய்ந்து நன்றாக இருந்தது. காரணம் என்ன? மேலே சொன்னதை வைத்து நாலு வரியில் எழுதி, உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள்.