மலைத்தீபமும் கணுக்களின் கடிகாரமும்: கம்பியில்லாக் கண்ணி வலையமைப்பில் கால ஒத்திசைவு

ஆய்வுச்சுருக்கம்

கண்ணி வலையமைப்பில் கணுக்களின் கடிகாரங்கள் ஒருங்குபடுத்தப்படும் முறையைத் திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீப மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. ‘ஒத்திசைவு’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடக்கும் நேரத் திருத்தமும் ஓட்டத் திருத்தமும் வெவ்வேறானவை என்பதை நிறுவுவதே இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: கணு, கண்ணி வலையமைப்பு, ஒத்திசைவு, நேரப்பிழை, ஓட்டப்பிழை.

முன்னுரை

மெஷ் எனப்படும் கண்ணி வலையமைப்பில் எல்லாக் கருவிகளும் ஒரே கோபுரத்தைச் சார்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் ஒரு கணுவாகும்; அண்டைக் கணுவிடம் பெற்ற செய்தியை அது அடுத்த கணுவுக்குக் கடத்துகிறது. ஒரே அலைவரிசையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளவும், மின்கலத்தைச் சேமிப்பதற்காக உறங்கிக் குறித்த நேரத்தில் விழிக்கவும் கணுக்களிடையே கால ஒருமை தேவைப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு கணுவும் தனக்கென ஒரு குவார்ட்சு படிகக் கடிகாரத்தைக் கொண்டது. பத்து இலட்சத்தில் 40 பங்கு பிழையுடைய படிகம் ஒரு நாளில் ஏறத்தாழ 3.5 நொடி விலகும். அனுப்புதலையும் பெறுதலையும் ஒரே அலைவரிசையில் மாறிமாறிச் செய்யும் ஐந்தாம் தலைமுறை நிலையங்களிடையே அனுமதிக்கப்படும் வேறுபாடோ 3 மைக்ரோ நொடி மட்டுமே. எளிய படிகங்களை மட்டும் நம்பினால் இவ்வெல்லை ஒரு நொடிக்குள்ளேயே மீறப்படும்.

தீபம் என்னும் பொதுக்குறி

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை 6 மணியளவில் அருணாசலேசுவரர் கோயில் கொடிமரத்தின்முன் அர்த்தநாரீசுவரர் எழுந்தருள, அகண்ட தீபம் ஏற்றப்படுகிறது. அவ்வேளையிலேயே 2668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் சுடர்விடுகிறது. அதனைக் கண்ட பின்னரே ஊரார் தம் இல்லங்களில் விளக்கேற்றுகின்றனர். ஒளி ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் செல்வதால், 30 கி.மீ. தொலைவில் நிற்பவரையும் அக்காட்சி 100 மைக்ரோ நொடியில் அடைந்துவிடுகிறது. மனித உணர்வுக்கு அஃது ஒரே கணமே.

தீபத்தைக் கண்ட இருவருள் ஒருவர் கைக்கடிகாரம் 6.00 எனவும் மற்றவருடையது 6.02 எனவும் காட்டினால், அவற்றின் வேறுபாடு இரண்டு நிமிடம் என்பது உடனே தெளிவாகும். தீபம் ஏற்றுவதில் நேர்ந்த காலத்தாழ்வு இக்கணக்கைப் பாதிப்பதில்லை. எல்சன், ஜிரோட், எஸ்ட்ரின் ஆகியோர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட பொதுக்குறி ஒத்திசைவு முறையின் அடிப்படையும் இதுவே. அதில் ஒரு கணு குறியொன்றை அறிவிக்கிறது; அதனைப் பெற்ற கணுக்கள் தாம் பெற்ற நேரங்களைத் தமக்குள் ஒப்பிடுகின்றன. இதனால் அனுப்பும் கணுவில் ஏற்படும் தாமதம் கணக்கிலிருந்து நீங்குகிறது.

கண்ணுக்கெட்டாத கணுக்கள்

மலை தெரியாத தெருவில் வாழ்பவர் அண்டை வீட்டு விளக்கைக் கண்டு தம் விளக்கை ஏற்றுவாராயின், ஒவ்வொரு வீட்டின் தாமதமும் அடுத்ததோடு கூடிக்கொண்டே செல்லும். பல தாவல்களைக் கடக்கும் வலையமைப்பின் முதன்மைச் சிக்கலும் இதுவே. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட பரவல்முறை ஒத்திசைவு நெறியில், வேர்க்கணு ஒன்றின் நேரம் கணுவுக்குக் கணு பரவுகிறது. செய்தி வானலையில் ஏறும் நிலையிலேயே நேரம் பொறிக்கப்படுவதால், ஒரு தாவலுக்கான பிழை ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி அளவுக்குக் குறைகிறது. வேர்க்கணு செயலிழந்தால் வேறொரு கணு அவ்விடத்தை ஏற்கும்.

ஒப்புமையின் எல்லை

பொழுதை அறிவித்தலும் அளத்தலும் வெவ்வேறு செயல்கள். முல்லைப்பாட்டு காட்டும் பாசறையில் நீர்க்கன்னலால் பொழுதளப்போர் அளந்து, பின் அரசனுக்கு அறிவிக்கின்றனர். தீபமோ அறிவிக்கிறது, அளப்பதில்லை. அதைக் கண்டு திருத்திய இரு கடிகாரங்கள் மறுகணமே தத்தம் போக்கில் விலகத் தொடங்குகின்றன. ஒருமுறை கண்ட குறி நேரப்பிழையைக் காட்டுமேயன்றி ஓட்டப்பிழையைக் காட்டாது. ஆகவே மேற்கூறிய பரவல்முறையில் ஒவ்வொரு கணுவும் வேர்க்கணுவின் நேரத்தையும் தன் நேரத்தையும் பலமுறை இணைத்துப் பதிந்து, அப்புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோட்டைக் கணிக்கிறது. கோட்டின் நிலை நேரப்பிழையையும் அதன் சாய்வு ஓட்டப்பிழையையும் தருகின்றன.

கடிகாரத்தைத் திருத்தாமலும் ஒருமை காண இயலும். கண்ணி வலையமைப்புக்கென 2011இல் வெளிவந்த 802.11எஸ் தரநிலையில், ஒவ்வொரு கணுவும் அண்டைக் கணுக்களுக்கும் தனக்கும் உள்ள நேர வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளும் முறை இடம்பெற்றுள்ளது.

முடிவுரை

‘கடிகாரம் நேரம் தவறிக் காட்டுகிறது’, ‘கடிகாரம் வேகமாக ஓடுகிறது’ என்னும் பேச்சு வழக்குகள் இவ்விரு பிழைகளையும் முன்பே பிரித்தறிந்துள்ளன. இரண்டின் திருத்தத்தையும் ‘ஒத்திசைவு’ என்று மட்டும் பெயர்க்கும் பாடநூல், ஒருமுறை திருத்திய கணு என்றும் ஒத்திருக்கும் என்னும் தவறான கருத்துக்கு இடமளிக்கும். ‘ஒத்திசைவு’ என்பதைப் பொதுச்சொல்லாகக் கொண்டு, அதன்கீழ் ‘நேரத் திருத்தம்’, ‘ஓட்டத் திருத்தம்’ என்னும் வழக்குச் சார்ந்த சொற்களை நிலைபெறச் செய்வது தமிழ்வழி அறிவியல் எழுத்துக்குத் தெளிவு சேர்க்கும்.